பேனர் கடையில் அணியிலக்கணம்

பேனருக்கு வாசகம் எழுதுவது, காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் தொழில். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இதில் வந்து மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், நீங்கள் தலையாட்டுவீர்கள்.

கல்மண்டபம் பக்கம் காசிம் பாயின் கடை. டிசைன் ரோசி, வாசகம் நான். போன ஆடி மாதம் ரோசி தன் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். 'வளைகாப்பு' என்று தட்டினால் வாசகங்கள் கொட்டின. சம்பளம் கேட்கவில்லை, டீயும் கேட்கவில்லை. காசிம் பாய் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாது. "சார், ரெண்டு பேரும் எழுதுங்க. வர்றவங்க பொறுக்கிக்கட்டும். உங்க வரிதான் வேணும்னு எவனாச்சும் தேடிக்கினு வந்தா நீங்க இருங்க. வரலைன்னா பொங்கலோட முடிச்சுக்கலாம்" என்றார். இப்படியாக, தண்டியும் நன்னூலும் படித்த நான் ஒரு செல்போனோடு போட்டியில் இறங்கினேன்.

உயர்வு நவிற்சி

உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது. மணலி புதுநகரிலிருந்து ஒருவர், காலமான தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார். போன் 'இமயம் சரிந்தது' என்றது. நான் விசாரித்தேன். எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவராம். ஆயுளெல்லாம் சாரத்தின் மேலேயே நின்றவர். 'உயரத்தில் நின்றே உழைத்தவர்' என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையும் இருக்கிறது, அணியும் இருக்கிறது, இமயத்துக்கும் சேதமில்லை.

அவர் நிதானமாகப் படித்தார். நெகிழ்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். "நல்லாத்தான் கீது சார். ஆனா போன வாரம் எங்க தெருவுல வட்டிக்கு வுடுறவன் செத்தான். அவனுக்கே இமயம் சரிஞ்சுது. எங்கப்பனுக்கு மட்டும் இன்னா, பரங்கிமலையா?"

தற்குறிப்பேற்றம்

மழை பெய்வது இயல்பு. தலைவரின் பிரிவைத் தாங்காமல் வானம் அழுதது என்று நம் கருத்தை அதன்மேல் ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். திருவொற்றியூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கார் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டது. மனிதர் மாலையும் கழுத்துமாக யாரோ ஒருவர் பைக்கின் பின்னால் தொற்றிக்கொண்டு, முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் மண்டபத்துக்குள் ஓடியிருக்கிறார். இப்போது முதலாண்டு நிறைவு.

போன் 'இருமனம் இணைந்த இனிய நாள்' என்றது. நான் 'மாப்பிள்ளையைக் காண லாரியெல்லாம் வரிசையில் நின்ற மணநாள்' என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் போன் தோற்றது. மாப்பிள்ளை மட்டும் முனகினார்: "நின்னதெல்லாம் கரீட்டு சார். அத்தினி பேர்ல ஒரு டிரைவராச்சும் மொய் வெச்சானா கேளு."

மங்கலம்

மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது. வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பமே கடைக்குள் வந்து நின்றது. இறந்தவர் நடுவயதில் பௌத்தம் தழுவியவர். 'சிவலோக பதவி' என்று போடாவிட்டால் போஸ்டரைக் கிழிப்பேன் என்றார் அவர் தம்பி. 'நிப்பாணம் அடைந்தார்' என்று போடாவிட்டால் போஸ்டரே வேண்டாம் என்றான் மகன். "அவரு பொறந்தது எங்க வூட்ல!" என்றார் தம்பி. "செத்தது எங்க வூட்ல சித்தப்பா!" என்றான் மகன். போன் 'இயற்கை எய்தினார்' என்றது; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்றுசேர்ந்து அதைத் திட்டினார்கள்.

நான் 'மீளாத் துயில் கொண்டார்' என்று எழுதி நடுவில் வைத்தேன். தூக்கம் எல்லாச் சமயத்துக்கும் பொது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதையே போடு சார். உசுரோட இருந்தப்போ அவரு உருப்படியா செஞ்சதும் அதான்."

உருவகமும் மோனையும்

மார்கழி பிறந்துவிட்டது. சிலர் என் வரியை எடுத்தார்கள், சிலர் போனுடையதை. தேடிக்கொண்டு மட்டும் எவரும் வரவில்லை. நான் மெல்ல வேறு வேலை விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் வியாசர்பாடிப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன் தேவி கொதித்துக்கொண்டு வந்தாள். அரையிறுதிக்கு எங்கள் கடையில்தான் துணி பேனர் அடித்துப் போயிருந்தாள். போன் கொடுத்த வாசகம், 'வெற்றி ஒன்றே இலக்கு'. எதிரணியும் வேறெங்கோ ஒரு போனைக் கேட்டு, எழுத்து மாறாமல் அதையே அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. "ரெண்டு டீமுக்கும் ஒரே கூவல்னா பாக்க வந்தவன் யாருக்குக் கத்துவான் பாய்? பேஜாரா பூடுச்சு. பைனலுக்கு மனுசன் எழுதினது வோணும்" என்றாள்.

நான் கம்பீரமாக 'பந்தாடும் பைங்கிளிகள்' என்று எழுதி நீட்டினேன். மோனை சுத்தம். தேவி ட்ராக் பேண்ட்டை முழங்கால்வரை ஏற்றிக் காட்டினாள். காலெல்லாம் காயம், கன்றிப்போன நீலம். "இது கிளி காலா சார்?"

"அம்மா, கிளி என்பது உருவகம்" என்றேன்.

"அப்டின்னா உருவகத்த கோல் போஸ்ட்டுல நிக்க வையி. நாங்க வூட்டுக்குப் போறோம்."

படித்த அணிகள் எல்லாம் கைவிட்ட அந்த நேரத்தில், நான் கல்மண்டபத்தில் பிறந்தவன் என்பது கைகொடுத்தது. வீட்டில் பேசுகிற தமிழில் எழுதினேன்: 'வந்துகினு கீது வியாசர்பாடி, வழி வுடு!' கறாரான புலவர் இந்த மோனையில் மெய் ஒத்தது, உயிர் முழுக்க ஒக்கவில்லை என்பார். வாய்விட்டு ஒரு முறை கத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

காசிம் பாய் பதறினார். "வாணாம் சார். சினிமாவுல நம்மள நக்கல் பண்ற பாஷை இது. துணியில அடிச்சா நம்மள நாமளே நக்கல் பண்ணிக்கினா மாதிரி ஆவும்."

தேவி அவர் பக்கம் திரும்பினாள். "அவன் பேசினா நக்கல். நாம பேசினா பேச்சு. அடி பாய், பெருசா அடி."

பயன்

இறுதி ஆட்டத்தில் தேவியின் அணி ஒரு கோலில் தோற்றது. அதை மறைத்து எழுதினால் உயர்வு நவிற்சி ஆகிவிடும். ஆனால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து திடல் முழுக்க அந்த வரியைத்தான் கத்தியது. குழந்தைகள் கத்தினார்கள், சுண்டல் விற்றவர் கத்தினார். ஆட்டம் முடிந்து தேவியின் அணி வெளியே வந்தபோது, கோப்பை வாங்கிய அணியின் ஆட்களே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, "வழி வுடு, வழி வுடு" என்று கைதட்டி அனுப்பினார்கள். கவிதை எழுதியவன் அது நிகழ்வதையும் கண்ணால் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பட்டம் வாங்கிய அன்றுகூட என் நெஞ்சு இப்படி விரிந்ததில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடை வாசலில் எண்ணூரிலிருந்து வந்த கேரம் கிளப்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் காசிமேட்டில் புதுப் படகு இறக்குகிற ஒரு குடும்பம். "அந்த 'வழி வுடு' எழுதுனவரு யாரு பாய்? போனு கீனெல்லாம் வாணாம், அவருதான் வோணும்" என்ற குரல் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டது. காசிம் பாய் வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "தேடிக்கினு வந்த சனத்த நிக்க வெச்சிட்டு அங்க இன்னா சார் டீ? வந்து எழுதுங்க!"

ஆகவே, தொழிலில் உடன் அவதிப்படுகிறவர்களே, ஒரு வரி நன்றாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள எந்த அணியிலக்கணமும் வேண்டாம், எழுதியது யாரென்று கேட்டு வருகிறவர் கையில் அட்வான்ஸ் இருக்கிறதா கல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.