ரபேல் அண்ணனின் நான்காவது கேசட்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நான்கு பேர் பதினோரு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மோனோரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசையில். உனக்கு வேறு வேலை இல்லையா உமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட். வாரம் முழுக்க ஊரார் முட்டியை மடக்கி நீட்டுகிறேன். சனிக்கிழமை ஒரு நாளாவது யாரும் என்னிடம் வலியைப் பற்றிப் பேசக் கூடாது.

சண்டை இதுதான். நம் ஊர்த் தமிழ் இசைக்குழுக்களில் எது, நடுவில் ஒரு சொத்தைகூட விழாமல், அடுத்தடுத்து நல்ல ஆல்பங்களாகவே போட்டது? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குமரப்பன் அண்ணன் இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் சட்டம் எழுதி வைத்திருக்கிறார். பழைய பாடல்களைத் திரட்டிப் போட்ட கேசட் கணக்கில் வராது. மேடைக் கச்சேரிப் பதிவும் வராது. முக்கியமான சட்டம், வரிசையில் குறைந்தது நான்கு ஆல்பம் இருக்க வேண்டும். மூன்று யாருக்கும் அமைந்துவிடும் என்பது அவர் வாதம்.

கிள்ளானிலிருந்து விமான நிலைய வேன் ஓட்டும் சுகுமாறனுக்கு, அவன் ஊர்க்காரர்களான ராக்கெட் பிரதர்ஸ்தான் தெய்வம். வரிசையாக ஐந்து ஆல்பம். நானும் அந்தக் கட்சிதான். எதிர்க்கட்சியில் ஒரே ஒரு ஆள், ரபேல் அண்ணன். அவருக்கு பிளாட்பாரம் மூணு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகள் தொடங்கிய குழு அது. அவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களை நாங்களும் குறை சொல்ல மாட்டோம். 1994 தீபாவளிக்கு வந்த நான்காவதுதான் வம்பு. பெயர் ‘ஈரச் சட்டை’. பாடகி பெர்னடெட் அதில் அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுகிறவர் மாதிரி பாடியிருப்பார். தாளமும் கூடவே இழுக்கும். அந்த அம்மாவுக்குக் குரல் போய்விட்டது என்று அப்போதே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அத்தோடு குழுவும் கலைந்தது.

ரபேல் அண்ணன் ஒருத்தர் மட்டும், “இருக்கிறதிலேயே அதான் பெஸ்ட்” என்பார்.

“எப்படிண்ணே? ரெண்டு பாட்டுக்கு மேல உக்காந்து கேக்க முடியல” என்பான் சுகுமாறன்.

“கேக்குற மாதிரி கேக்கணும் லா.”

அதற்கு மேல் கேட்டால் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார். பிடிவாதக்காரர் என்று விட்டுவிடுவோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்து நான்கு. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை பார்த்தவர். ஆறு பிள்ளைகளில் இவர் கடைசி. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவுடன் வேலைக்குப் போனார். இருபத்தைந்து வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறார். எங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்து லிப்டும் அவர் பொறுப்புதான். பழுது பார்த்து முடித்ததும் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என மூன்று முறை போய்வந்த பிறகுதான் மற்றவர்களை ஏற விடுவார். “அங்கிள், போதும் லா” என்று வாசலில் நிற்பவர்கள் கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். வீட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறி, மறுபடி இறங்கி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவி ஜெரால்டின் அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை குமரப்பன் அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார். அவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் மூலமாக பாடகி பெர்னடெட்டின் போன் நம்பர் கிடைத்துவிட்டதாம். செமினியில் இருக்கிறாராம். பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிசம்பரில் ஒரு நாள் வந்து எங்களோடு உட்கார்ந்து நான்கு ஆல்பத்தையும் கேட்க வேண்டும் என்று இவர் அழைத்திருக்கிறார்.

“வரேன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த நாலாவதை மட்டும் போடாதீங்கன்னு.”

“பாருங்க, அவங்களே சொல்லிட்டாங்க” என்றான் சுகுமாறன்.

“இருப்பா. அந்த ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அவங்களுக்கு டைபாய்டு காய்ச்சலாம். ‘காய்ச்சல்ல குரல் போயிருச்சு, எனக்கே தெரியல, கேசட்ல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்’னு சொன்னாங்க. அதுக்கப்புறம் சர்ச்ல கூட வாயத் தொறந்து பாடுனது இல்லையாம்.”

ரபேல் அண்ணனின் கை தோசையில் அப்படியே நின்றது. எழுந்து போய்க் கையைக் கழுவினார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பதினோரு வருஷத்தில், அவர் அம்மா தவறிய வாரத்தைத் தவிர, அவர் வராமல் இருந்ததே கிடையாது.

அதற்கடுத்த வாரம் வந்தார், கையில் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையோடு. கூடைக்குள் பழைய கேசட் பிளேயர் ஒன்று. உட்காரவில்லை. அதை மேசையில் வைத்து, குமரப்பன் அண்ணன் பையில் வைத்திருந்த ‘ஈரச் சட்டை’ கேசட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார்.

வந்தது வேறு பெர்னடெட். துணி காயப் போட்டுக்கொண்டே பாடுகிற பெண் மாதிரி, லேசாக, துள்ளலாக, ஒவ்வொரு வரியையும் சிரிப்போடு முடித்தார். தாளம் இழுக்கவில்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் யார் பாடுவது என்று திரும்பிப் பார்த்தார். சுகுமாறன் கேசட்டை வெளியே எடுத்து அட்டையைப் படித்தான். அதே கேசட்தான்.

“இதோட மோட்டாருக்குப் பின்னால ஒரு திருகு இருக்கு” என்றார் ரபேல் அண்ணன். “அதைத் திருகி வேகத்தைக் கூட்டி வச்சிருக்கேன். இந்த ஒரு கேசட்டுக்குத்தான் இந்த மெஷின். மத்ததுக்கு வேற இருக்கு.”

பிறகு நின்றபடியே சொன்னார். இருபத்து நான்கு வயதில் அவர் கிள்ளானில் ஒரு கேசட் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார். மூல நாடாவை ஒரு மெஷினில் ஓடவிட்டு, அதிலிருந்து மற்ற கேசட்டுகளுக்குப் பதிவு எடுப்பது அவர் வேலை. தினமும் காலையில் சோதனை நாடா போட்டு வேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. தீபாவளி அவசரத்தில் ஒரு வாரம் அதைச் செய்யவில்லை. அந்த வாரம் பார்த்து மூல நாடா ஓடும் மெஷினின் பெல்ட் தளர்ந்திருந்தது. ‘ஈரச் சட்டை’ முழுவதும் மெதுவாக ஓடி, மெதுவாகவே பதிவாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. அதே வாரம் போன ஒரு பக்திப் பாடல் கேசட்டும் அப்படித்தான். அதில் பக்தி கூடியிருக்கிறது என்று சனங்கள் வாங்கினார்கள்.

“தீபாவளி லீவு முடிஞ்சு வந்து சோதனை நாடா போட்டப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அதுக்குள்ள பெர்னடெட் குரல் போச்சுன்னு ஊரே பேசிருச்சு. சொன்னா வேலை போயிரும்னு வாயை மூடிக்கிட்டேன். அடுத்த வருஷம் கம்பெனியையே மூடிட்டாங்க. மூல நாடாவும் எங்க போச்சுன்னு தெரியல.”

“யார்கிட்டயுமே சொல்லலையாண்ணே?” என்றேன்.

“சர்ச்ல பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்றப்ப இதையும் சொன்னேன். பாதர், மொதல்ல அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுன்னாரு. அதுலேருந்து வேற சர்ச்சுக்குப் போயிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரு கேசட் கெட்டதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு மனுஷி தன் குரல் செத்துவிட்டதாக நம்பி முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இவரோ அவருக்காக வாரா வாரம் எங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மல்லுக்கட்ட வேண்டிய இடம் செமினியில் இருந்தது. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். தலையை ஆட்டினார்.

“அவங்க வீட்டுக்குப் போகணும். தனியா போனா வாசல்லேருந்தே திரும்பிருவேன், எனக்கே தெரியும். நீங்க கூட வாங்க.”

மறுநாள் மத்தியானம் சுகுமாறன் வேனில் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் சுகுமாறன் ரபேல் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மடியில் இரண்டு பிளேயர்கள், ஒன்று சாதாரணமானது, ஒன்று திருகு திருகியது.

பெர்னடெட் அக்கா நினைத்ததைவிடச் சின்ன உருவம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ரபேல் அண்ணன் சோபாவில் உட்கார மறுத்துவிட்டு, எங்களிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னார். பெல்ட்டைக் குறை சொல்லவில்லை. “நான் பாக்கல அக்கா. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று முடித்தார்.

“மொதல்ல பழைய மாதிரி போடுங்க” என்றார் அக்கா.

சாதாரண பிளேயரில் பாதிப் பாட்டு ஓடியது. அவர் முகம் இறுகியது. பிறகு மற்றது. முதல் வரியிலேயே அவர் விரல் நாற்காலிக் கையில் தாளம் போடத் தொடங்கியது. பாட்டு முடிந்ததும், “இன்னொரு தடவை” என்றார். இரண்டாம் முறை கூடவே முணுமுணுத்தார். சரணத்தில் குரல் உயரும் இடம் வந்தபோது துணிந்து தொட்டுப் பார்த்தார். எட்டவில்லை, உடைந்தது. சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப போச்சு” என்றார். “அப்ப போகல.”

அவர் ரபேல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?”

“பயம் அக்கா.”

“முப்பது வருஷமுமா?”

“மொத வருஷம் பயம். அப்புறம் வெக்கம்.”

“எம்பிள்ளைங்களுக்கு நான் தாலாட்டுகூடப் பாடல, தெரியுமா உங்களுக்கு?”

அக்கா எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். ரபேல் அண்ணனுக்கும் கொடுத்தார். “மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. கேசட்டை வச்சிட்டுப் போங்க. அந்த மெஷினையும்” என்றார்.

திரும்பும்போது ரபேல் அண்ணனின் மடியில் ஒரு பிளேயர்தான் இருந்தது. காஜாங் தாண்டியதும் சுகுமாறன் வாயைத் திறந்தான். “அண்ணே, இந்தக் காலத்துல இதுக்குத் திருகெல்லாம் வேணாம். கம்ப்யூட்டர்ல போட்டா வேகத்தைச் சரி பண்ண ரெண்டு நிமிஷம். என் கேசட் தரேன், நானே பண்றேன்.” ராக்கெட் பிரதர்ஸ் கட்சிக்காரன் சொன்ன வார்த்தை இது. சொன்னபடி அந்த வாரமே செய்தான். சரியான வேகத்தில் ‘ஈரச் சட்டை’ எங்கள் வாட்ஸ்அப்பில் வந்தது, அங்கிருந்து யார் யாருக்கோ போனது. இதையா நாம் சொத்தை என்று சொன்னோம் என்று பந்திங்கிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் குமரப்பன் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார்கள். யார் செய்த தப்பு என்பதையும் சேர்த்தே போடச் சொன்னார் ரபேல் அண்ணன். போட்டோம். திட்டு வாங்கினார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை பெர்னடெட் அக்கா வந்தார், வரமாட்டார் என்று ரபேல் அண்ணன் பந்தயமே கட்டியிருந்தும். குமரப்பன் அண்ணன் நோட்டைத் திறந்து, நீதிபதி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“நாலும் நல்ல ஆல்பம், வரிசை முழுசுன்னு எழுதிக்கலாமாக்கா?”

“நாலாவது நல்லாருக்கு. மூணாவதுதான் சொத்தை.”

சுகுமாறன் மேசையைத் தட்டினான். ரபேல் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அதெப்படிக்கா? மூணாவதுல என்ன குறை?”

“கிட்டார் வாசிச்ச லியோனலுக்கு அப்பப் பல்வலி. மாத்திரை போட்டுட்டு ரெண்டாவது பக்கம் முழுக்கத் தூங்கித் தூங்கி வாசிச்சான். பக்கத்துல நின்னு பாடுனவ சொல்றேன்.”

“நீங்க ஒரு தடவை பாடுனீங்க. நான் நூறு தடவை கேட்டிருக்கேன்” என்றார் ரபேல் அண்ணன். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, டீ கிளாஸைப் பார்க்காமல், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து வாதாடினார். ஒரு மணி நேரம் போனது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு சொன்னார். “எங்க சர்ச் பாடகர் குழுவுல கீழ்க்குரல் பாட ஆள் இல்லைன்னு பாதர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் போயிட்டிருக்கேன். கிறிஸ்மஸ் பூசைக்கு காலையில எட்டரைக்கு வந்து கேட்டுட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க.” ரபேல் அண்ணனிடம் தனியாகத் திரும்பினார். “நீங்களும் வாங்க தம்பி. ஆனா மெஷின் எதையும் தொடக் கூடாது.”

“தொடமாட்டேன்கா” என்றார் அவர். கிறிஸ்மஸ் அன்று ஏழு மணிக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.