எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தவர்

வியாழக்கிழமை காலை மன்னார்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வந்தது. மரண அறிவித்தல். பேசாலையைப் பிறப்பிடமாகக் கொண்ட ஓய்வுபெற்ற சுகாதார உத்தியோகத்தர் மத்தியாஸ் என்று கேட்டது. பூசைக்குப் போக உடுத்திக்கொண்டு கதிரையில் இருந்தவர், இருந்தபடியே போயிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். எனக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆர், எங்கட லண்டன் சட்டக்காரரோ மோசம் போனது?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தவன் நான். அவர் போன செய்தியோடு அந்தப் பெயரும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மத்தியாஸ் அண்ணனும் நானும் பதினெட்டு வருடம் நெஞ்சு நோய்க் கந்தோரில் ஒன்றாக வேலை செய்தோம். நான் எழுதுவினைஞர், மின்விசிறிக்குக் கீழே இருந்து செய்கிற வேலை. அவர் வெளியே போகிறவர். காசநோய்க்காரரின் வீடுகளுக்குக் குளிசை கொண்டுபோய், அவர்கள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக எடுத்தால் நோய் மாறிவிடும். இடையில் விட்டால் ஆள் தப்புவது கடினம். பாதியில் விடுகிறவர்களில் பலர் குளிசைக்குப் பயந்து விடுவதில்லை, அயலுக்குப் பயந்துதான் விடுகிறார்கள். முதல் சில கிழமைகளுக்குப் பிறகு தொற்றாது என்று எத்தனை தரம் சொன்னாலும் ஊர் நம்பாது. தன் உத்தியோகக் காலம் முழுவதும் அவர் இந்தப் பயத்தோடுதான் மல்லுக்கட்டினார். அவர் எப்படி மல்லுக்கட்டினார் என்பதைப் பக்கத்து மேசையில் இருந்த நான் விளங்கிக்கொள்ளவே இல்லை. அதைச் சொல்லத்தான், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவருடைய மோட்டார் சைக்கிளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலோடு எண்ணெயும் கலந்து எரிக்கிற பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அது புறப்பட்டால் அரை மைலுக்குச் சத்தம் கேட்கும், பின்னால் நீலப் புகை எழும்பும். டெங்குக் காலத்தில் அவர் ஒழுங்கைக்குள் வந்தால், நுளம்புக்குப் புகை அடிக்கிறார்கள் என்று பெண்கள் ஓடிப்போய்ச் சோற்றுப்பானையை மூடுவார்களாம். நெஞ்சு நோய் பார்க்கிறவருக்கு நெஞ்சு நோய் பிடித்த வண்டி என்று கந்தோரில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய மூத்த மகன் லண்டனில் இருக்கிறார். தகப்பனின் வண்டியை நினைத்து அவரும் அங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி ஆசையோடு ஓடித் திரிந்தார். பிறகு ஒரு சட்டம் வந்தது. புகை கூடிய பழைய வண்டிகள் நகர எல்லைக்குள் வந்தால், ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் காசு கட்ட வேண்டும். மறிப்பதற்கு ஆளில்லை, கம்பத்தில் இருக்கிற கமரா இலக்கத்தைப் படித்துவிடும். மகன் எல்லைக்கு வெளியே ஒரு சிநேகிதர் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போகத் தொடங்கினார். விற்க மனம் வரவில்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காசைக் கட்டிவிட்டு, பழைய ஆசைக்கு நகரத்துக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவாராம். இதை மத்தியாஸ் அண்ணன் தேநீர் நேரத்தில் எங்களுக்குச் சொன்னார். மகனுக்காக வருத்தப்படுவார் என்று பார்த்தேன். "நியாயம்தானே" என்றார். "வண்டி எங்கட. மூச்சு ஊராக்களின்ர."

இரண்டு கிழமை கழித்து அந்தக் கூத்துத் தொடங்கியது. தார் றோட்டில் வழக்கம்போல ஓடி வருவார். ஊருக்குள் திரும்புகிற முடக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தள்ளத் தொடங்குவார். கீரிக் கிராமத்திலும் அப்படித்தான், பேசாலையிலும் தலைமன்னாரிலும் அப்படித்தான். மணலில் சில்லுப் புதையும், சட்டை முதுகோடு ஒட்டும். நடுவழியில் நிற்கிற கழுதைகளுக்கு ஹோன்கூட அடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்: "ஊருக்குள்ள புகை விடக்கூடாது. லண்டனில இதுதான் சட்டம்." எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றே லண்டன் சட்டக்காரர் என்று பெயர் வைத்தேன். மூன்று நாளில் மன்னார்த் தீவு முழுக்கப் பரவியது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

தள்ளிக்கொண்டு போகிறவருக்குத் தாகம் எடுக்கும். நாலைந்து வீட்டுக்கு ஒரு தரம் வண்டியை வேலியோடு சாய்த்துவிட்டு, படலையைத் திறந்து உள்ளே போய்த் தண்ணீர் கேட்பார். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். என் மனைவி தேசிக்காய் பிழிந்து கொடுப்பாள். பத்து நிமிடம் இருந்து பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் போவார். அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் மறுபடி தண்ணீர் குடிப்பார். உங்களால் ஊர்க் கிணறெல்லாம் வற்றப்போகிறது என்றேன். மாரிக்கு நிரம்பிவிடும் என்றார்.

ஒரு வருடம் அவரோடு வாகனப் புகைப் பரிசோதனைக்குப் போனேன். முதல் தரம் வண்டி தேறவில்லை. காபரேற்றரைக் கழற்றித் துடைத்துக் கொண்டுபோனார், அப்போதும் தேறவில்லை. மூன்றாவது தரம் மயிரிழையில் தப்பிச் சான்றிதழ் கிடைத்தது. அதைப் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்தார். திரும்பி வரும்போது அதே முடக்கில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் இருந்த நானும் இறங்க வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சல். சான்றிதழ் இருக்கிறதே, பிறகு ஏன் தள்ளுகிறீர்கள் என்று கேட்டேன். "அது கவுண்மேந்துக்கு. இது எனக்கு" என்றார்.

பெற்றோல் கிடைக்காத அந்த வருடம், தீவில் பாதிப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் திரிந்தோம். எரிபொருள் வரிசையில் என்னைக் கண்டு, "இப்ப எல்லாரும் என்ர சட்டத்துக்குள்ள வந்திட்டியள்" என்றார். அவர் என்னைத் திருப்பிச் சீண்டியது அந்த ஒரு தரம்தான்.

எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் வந்தது. வெளிக்கள உத்தியோகத்தருக்குப் புது மோட்டார் சைக்கிள் கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தபோது, அவர் பெயரை முதலாவதாகப் போட்டு, படிவத்தை நானே நிரப்பி, கையெழுத்துக்கு நீட்டினேன். புகை இல்லாத, சத்தம் இல்லாத வண்டி. அவர் வாசித்தார், மடித்தார், என்னிடமே திருப்பித் தந்தார். வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. புகை விடக்கூடாது என்று ஊருக்குப் பிரசங்கம் செய்கிற நீங்கள் புகையில்லாத வண்டியை வேண்டாம் என்கிறீர்கள், ஊர் பார்க்க நடக்கிறதுதானே உங்களுக்கு வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டேன். அவர் குளிசைப் பையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்கு மேல் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அவராகவே ஒருநாள் என் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அடக்கம் சனிக்கிழமை நடந்தது. மண் போட்டு முடிந்து சனம் கலைகிற நேரம், சேமக்காலை வாசலில் ஒரு பெண் என்னை மறித்தார். லண்டன் சட்டக்காரர் என்று பெயர் வைத்தது நீங்கள்தானே என்று கேட்டார். இந்த இடத்தில் வைத்துத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் தள்ளத் தொடங்குவதற்கு முன், அந்தப் பெண்ணின் கணவருக்குக் காசநோய் வந்ததாம். மத்தியாஸ் அண்ணன் தினமும் குளிசையோடு போய் வந்திருக்கிறார். இரண்டாம் கிழமை, நெஞ்சுக் கிளினிக்கின் மோட்டார் சைக்கிள் ஏன் ஒவ்வொரு காலையும் உங்கள் படலையில் வந்து நிற்கிறது என்று அயலில் ஒருவர் கேட்டுவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் கணவருடைய வேலை போய்விடும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அடுத்த நாள் அண்ணன் போனபோது கணவர் குளிசையைத் தொடவில்லை. இனி வராதீர்கள், செத்தால் செத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "ஒரு நாள் பொறுங்கோ. நாளைக்கு என்ர வண்டிச் சத்தம் கேளாது."

மறுநாள் தள்ளிக்கொண்டு வந்தார். அவர்கள் வீட்டுக்கு முன் நாலு வீட்டில் தண்ணீர் குடித்தார், அதற்குப் பிறகு மூன்று வீட்டில் குடித்தார். வேர்த்து விறுவிறுத்து வருகிற மனிதர் எந்தப் படலைக்குள் நுழைந்தாலும் ஏன் என்று யார் கேட்பார்கள்? அந்த வீட்டில் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குளிசையைக் கணவரின் கையில் வைத்து, செம்பை முதலில் அவரிடம் நீட்டினார் அண்ணன். கணவர் விழுங்கி முடித்ததும் அதே செம்பை வாங்கி, மிச்சத்தை வாய் வைத்துக் குடித்தார். அதுவரை கணவர் சொந்த வீட்டிலேயே தனிக் கோப்பை வைத்திருந்தவர். அன்றைக்குப் பிறகு அந்தக் கோப்பையை அவர் எடுக்கவில்லையாம்.

ஆறு மாதத்தில் நோய் மாறியது. ஆனால் அண்ணன் தள்ளுவதை நிறுத்தவில்லை. அடுத்தவர் ஒருவர் எங்கோ இருந்திருப்பார், அதற்கடுத்தும் ஒருவர் இருந்திருப்பார். ஒரு ஒழுங்கையில் மட்டும் தள்ளினால் அது காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று எல்லா ஊரிலும், நோயாளி இல்லாத ஊரிலும் தள்ளினார். புது வண்டி வாங்கியிருந்தால் தள்ளுவதற்கு என்ன காரணம் சொல்லியிருப்பார்? அவர் மடித்துத் திருப்பித் தந்த அந்தப் படிவத்தின் அர்த்தம் சேமக்காலை வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

"நீங்கள் வச்ச பேருக்கு ஊர் சிரிச்சுது" என்றார் அந்தப் பெண். "சிரிச்ச ஊர் எங்கட வீட்டைத் திரும்பிப் பாக்கேல்ல."

ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அண்ணன் உயிரோடு இருந்த நாளில் இது தெரிந்திருந்தால் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் தோன்றியது. எனக்குத் தெரிந்திருந்தால் அன்று பின்னேரமே தீவுக்குத் தெரிந்திருக்கும். மத்தியாஸ் அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடம் என்னோடு தேநீர் குடித்த மனிதர், அத்தனை பேர் முன்னால் நான் கத்தியபோதும், ஒரு வீட்டுக்காக வாயை மூடிக்கொண்டு போனார்.

அவரைப் பற்றி எழுதினால் இதையும் எழுதுங்கள், எங்கள் பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். அதனால் ஒன்றிரண்டு விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். தேட வேண்டாம். அண்ணன் தண்ணீர் குடிக்காத வீடு இந்தத் தீவில் குறைவு.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, ஒரு வீடு தெரிந்தும் அதைச் சொல்லாமல் இருப்பது. என்னைப் போன்ற வாய்க்காரனுக்கு அது சின்ன விஷயமல்ல. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மனைவி கேட்டாள், சேமக்காலை வாசலில் அவ்வளவு நேரம் உங்களோடு கதைத்துக்கொண்டு நின்ற பெண் யார் என்று. முப்பது வருடத்தில் நான் அவளுக்குச் சொல்லாத கதை ஒன்றுமில்லை.

"தெரியாது" என்றேன்.