வாய் திறந்த வம்சம்

பழைய புகைப்படம் எது கையில் கிடைத்தாலும் பல்செட் அக்கா முதலில் வாயைத்தான் பார்ப்பார். முகம், உடை, பின்னால் தெரியும் கட்டடம், எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டறையில் பல்செட்டுக்கு மெருகு போடும்போது வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தில் இருப்பவர்களின் உதடுகளை ஒவ்வொன்றாக விசாரிப்பார். உதடு மூடியிருந்தால் அந்த ஆள் தப்பித்தார். திறந்திருந்தால் அடுத்த கேள்வி: "முன்னால ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கா?"

அந்தச் சந்து அவருடைய குடும்பச் சொத்து. அப்பாவுக்கு இருந்தது. அக்காவுக்கு இருக்கிறது. தங்கைக்கும் இருந்தது, இருபது வயதில் அடைத்துக்கொண்டுவிட்டார். மூன்று பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, அக்கா பல்செட் செய்து கொடுக்கிறார். முப்பது வருடத் தொழில். என் கீழ்வரிசையில் இருக்கும் மூன்று பொய்ப்பல்லும் அவர் கைவேலைதான். ஊரார் வாயையெல்லாம் காற்றுப் புகாமல் அடைக்கிறவர், தன் வாயில் மட்டும் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறார். கேட்டால், "அடையாள அட்டைய யாராவது கிழிப்பாங்களா?" என்பார்.

அவர் தேடுவது சும்மா முன்னோரை அல்ல, பாடிய முன்னோரை. காரணம், சனிக்கிழமைப் பாட்டுக் குழு. நாங்கள் நாற்பது பேர் வாராவாரம் பொதுக்கூடத்தில் கூடிப் பாடுகிறோம். அக்கா சேர்ந்து ஆறு வருடம். சேர்ந்த மூன்றாவது வாரமே பாட்டு மாஸ்டர் அவரைப் பின்வரிசை ஓரத்துக்கு அனுப்பி, "வாய மட்டும் அசைங்கம்மா, சத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் கொடுமைக்காரர் இல்லை. அக்காவின் குரல் அப்படி. அது கிளம்பும் இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. நடுவில் எந்தச் சுரத்திலும் நின்று இளைப்பாறுவதில்லை. பட்டறையில் மெழுகு உருக்கும்போது அவர் பாடுவதைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை குழாய் ரிப்பேர்காரரைக் கூட்டி வந்திருக்கிறார்.

ஆனால் அக்காவுக்குப் பாட வேண்டும். ஆண்டுவிழா மேடையில், ஒரே ஒருமுறையாவது, வாய்விட்டு.

போன வருட விழா முடிந்ததும் மாஸ்டரை வாசலில் மடக்கினார். "இது ரத்தத்துல இருக்கணும் மாஸ்டர். இல்லன்னா எனக்கு இவ்ளோ ஆசை எங்கேருந்து வரும்?"

மாஸ்டருக்கு வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். "உங்க வம்சத்துல ஒரே ஒருத்தர் மேடையேறிப் பாடினார்னு காட்டுங்க. அடுத்த விழாவுல நீங்க சத்தமாவே பாடலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார். அக்கா அதை அங்கேயே நாள்குறிப்பில் எழுதி, பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் பட்டறைக்குப் பூட்டு. அக்கா ஆவணக் காப்பகத்தில். பட்டறைச் சுவரில், வரிசையாக அடுக்கிய பிளாஸ்டர் தாடைகளுக்கு மேலே, வம்ச மரம் வளர ஆரம்பித்தது. பெயர் கிடைக்காத கட்டத்தைக் காட்டி, "இங்க ஒண்ணு விழுந்திருக்கு" என்பார். உறுதியாகாத பெயரென்றால், "இது இன்னும் ஆடுது." தூரத்து உறவினர்களைத் தொலைபேசியில் பிடித்து, நலம்கூட விசாரிக்காமல், "உங்க பக்கம் யாருக்காவது முன்பல்லுல சந்து உண்டா?" என்று கேட்டார். பாதிப் பேர் வியாபாரம் பேசுகிறார் என்று நினைத்து, தங்களுக்கு எல்லாப் பல்லும் கெட்டியாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

இந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே திறந்த வாய் ஒன்று கிடைத்தாலே அக்காவுக்கு அவர் பாடகர்தான். முதலில் கிடைத்தவர் ஏலம் கூவுகிறவர். இரண்டாமவர் கொட்டாவி விட்டவர். மூன்றாமவர் பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவர். அந்த நாற்காலியை இரண்டு வாரம் கவனிக்காமல் போனதில் அக்காவுக்குத் தொழில்முறையில் பெரிய அவமானம்.

"வாயத் தொறந்தவங்க எல்லாம் பாடகர்னா, நம்ம மாமா தூக்கத்துலயே கச்சேரி பண்றாருக்கா" என்றார் தங்கை. அதே வீட்டில் இருப்பவர். பள்ளியில் கணக்கு டீச்சர்.

"நீ சந்த அடைச்சவ. உனக்கு இதுல பேச எடமில்ல."

இந்த வருட விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது காப்பக எழுத்தரிடமிருந்து அழைப்பு வந்தது. "உங்க வாய் ஒண்ணு வந்திருக்கும்மா."

எப்போதோ கலைந்துபோன ஒரு பாட்டுக் குழுவின் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்திருந்தன. அதில் ஒரு படம். மேடையில் மூன்று வரிசையாக முப்பது பேர். இருபத்தொன்பது பேர் வாயை மூடியிருக்க, பின்வரிசை ஓரத்தில் ஒருவர் மட்டும் விரியத் திறந்திருந்தார். நடுவில் சந்து. படத்தின் பின்னால் இருந்த பெயர், தாத்தாவின் பிறப்புப் பதிவில் தகப்பன் என்று இருந்த அதே பெயர். தொழிலும் அதே, பெட்டி செய்பவர். தெருவும் அதே. கொள்ளுத்தாத்தா ஆடவில்லை, கெட்டியாக உட்கார்ந்துவிட்டார்.

அதே பெட்டியில் வருகைப் பதிவேடும் இருந்தது. பதினொரு வருடம் ஓர் ஒத்திகைகூட விடாமல் வந்திருக்கிறார் மனிதர். அவர் பெயருக்கு நேரே குழுத்தலைவர் எழுதிய குறிப்பு: "வரிசை நிரப்ப மட்டும். குரல் கொடுக்கக் கூடாது."

அன்று மாலை நான் பல்செட் ஈறை உறுத்துகிறது என்று காட்டப் பட்டறைக்குப் போயிருந்தேன். படம், பதிவேடு இரண்டின் நகல்களும் மேசைமேல் இருந்தன.

"போட்டோவ மட்டும் எடுத்துட்டுப் போக்கா" என்றார் தங்கை. "மாஸ்டர் என்ன, நோட்ட தேடிக்கிட்டு காப்பகத்துக்கா போகப்போறாரு?"

அக்கா என் பல்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அளவுல பொய் சொன்னா வாயில நிக்காதுடி. நாலு பேர் முன்னாடி சாப்பிடும்போது வெளிய வந்துடும்."

"அப்ப பாட்டு போச்சு."

"மேடையேறினாரு. வாயத் தொறந்தாரு. மிச்சத்த மாஸ்டர் முடிவு பண்ணட்டும்."

சனிக்கிழமை மாஸ்டர் முதலில் படத்தைப் பார்த்தார், முகம் வெளிறியது. பதிவேட்டின் நகலைப் பார்த்ததும் ரத்தம் திரும்பி வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "உங்க குடும்பத்துக்கு இது பரம்பரைப் பொறுப்பும்மா. அத நான் கெடுத்தேன்னு பேர் வேணாம். அதே பின்வரிசை, அதே ஓரம்."

அக்கா நகல்களை மடித்துப் பைக்குள் வைத்தார். தன் இடத்துக்குப் போகும் வழியில் என்னருகே நின்று, "பதினொரு வருஷம் நின்னிருக்காரு" என்றார். "எனக்கு ஆறுதான் ஆகுது."

விழாவில் ஐந்து பாட்டு. ஐந்துக்கும் அவர் வாய் அசைந்தது, எங்கள் எல்லோரையும்விடத் திருத்தமாக. சத்தம் ஒரு பொட்டு வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை ஒவ்வொரு பாட்டுக்கும் அக்காவைப் பார்த்தே கைதட்டினார்.

முடிந்ததும் குழுவாகப் படம் எடுத்தார்கள். "எல்லாரும் வாய மூடி லேசா சிரிங்க" என்ற புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தினார். "பின்னாடி, ஓரத்துல இருக்கற அம்மா. வாய மூடுங்க."

திரும்பிப் பார்த்தேன். அக்கா விளக்கு விழும் பக்கமாகத் தாடையைச் சற்று உயர்த்தியிருந்தார். மேலுதட்டை ஒரு விரலால் ஒதுக்கிச் சந்து தெரியும்படி சரிசெய்துகொண்டு, கையைக் கீழே இறக்கினார்.

"மூடுங்கம்மா" என்றார் புகைப்படக்காரர் மறுபடியும்.

அக்கா இன்னும் கொஞ்சம் திறந்தார்.