மைதீன் மாற்ற மறுத்த எண்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "சார், மேலப்பாளையத்துல மைதீன் சாருக்கு அடுத்த வீட்டுக்காரன் பேசுதேன். அவுக மௌத்தாயிட்டாவ. செவுத்துல உங்க நம்பர் ஒண்ணத்தான் எழுதி வச்சிருக்காவ. அதான் கூப்பிட்டேன்" என்றார். மைதீன் சார் இறந்துவிட்டார். அவரும் நானும் பேசி நான்கு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

போக்குவரத்துத் திட்டப் பிரிவில் எதிரெதிர் மேசையில் இருந்த பொறியாளர்கள் நாங்கள். நகரத்தில் கணினிவழிப் போக்குவரத்து வசதிகள் செய்ய ஆறு திட்டங்கள் வந்தன, நிதியோ இரண்டுக்குத்தான். எவற்றை முதலில் செய்வது என்று கணக்கிட்டுச் சொல்லும் வேலை எங்களுடையது. பாதுகாப்பு, செலவு, பயண நேரம், எத்தனை பேருக்குப் பயன் என ஒவ்வோர் அளவுகோலுக்கும் இத்தனை எடை என்று வைத்து, திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வேண்டும்.

அந்த எடைகளை அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்க மைதீன் சார் சம்மதிக்கவில்லை. டவுண் பேருந்து நிறுத்தங்களில் இரண்டு வாரம் நின்று சனங்களிடம் கேட்டார். நானும் உடன் போனேன். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள், "பஸ்ஸு பைய வரட்டும் சார். ரோட்ட உசுரோட தாண்டுனாப் போதும்" என்றார். மைதீன் சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கணக்கு முடிந்தபோது, நடந்து போகிறவர்கள் பொத்தானை அழுத்திக் கடக்கும் சிக்னல்கள் முதலிடத்தில் இருந்தன. மேலதிகாரி ஆசைப்பட்ட, பெரிய திரைகள் வைத்த கண்காணிப்பு அறைக்கு ஐந்தாவது இடம்.

"எடைய எல்லாம் கொஞ்சம் மாத்திப் பாருங்க" என்றார் மேலதிகாரி.

"வந்த விடை பிடிக்கலன்னு எடைய மாத்தணும்னா, கணக்கு எதுக்கு சார்? நேரா உத்தரவே போட்ருங்க" என்றார் மைதீன் சார். குரல் உயரவில்லை.

மாற்றியது நான். பதவி உயர்வு நெருங்கியிருந்த நேரம். கண்காணிப்பு அறை முதலிடத்துக்கு வந்த அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன். மைதீன் சார் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "என்ன வே, நீருமா?" என்று மட்டும் கேட்டார்.

அவரைப் பழைய கோப்புகள் கிடந்த பின்னறைக்கு மாற்றினார்கள். அந்த வருடமே அவருடைய மனைவியும் இறந்துபோனார். மகன் ஷார்ஜாவில். மதியம் அவர் தனியே சாப்பிடுகையில், வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பழைய கணக்கை இணைத்து மனுமேல் மனு கொடுத்து வந்தார். கடைசியில் ஆஸ்பத்திரி முன்னால் ஒரே ஒரு சிக்னல் வந்தது. அன்று ஜீப்பில் போன நான் பார்த்தேன். மைதீன் சார் கம்பத்தருகே நின்று, தயங்கிய ஒரு பெரியவரிடம், "சும்மா அமுக்கும் வே, உமக்குத்தான் வச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

அழைப்பு வந்த அன்றே மேலப்பாளையம் போனேன். அடக்கத்துக்குள் மகனால் வந்துசேர முடியவில்லை. மகன் பார்ப்பதற்காகக் கபர்க்குழி அருகே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, வாப்பாவுக்கு எத்தன பேரு வந்திருக்காவ?"

பெரிய கூட்டம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.

"பதினோரு பேருய்யா" என்றேன்.

நான் குனிந்து மூன்று கை மண் போட்டேன். திரையில் மகனின் வலது கையும் மூன்று முறை அசைந்தது.

போய் வாருங்கள், மைதீன் சார்.