சங்கிலி வளைந்து சென்ற சரிவு

அரையங்குலம் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட நில அளவையாளர், 1948–2022.

முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில் அவர் அளந்த எந்த எல்லையிலும் அரை அங்குலத்துக்கு மேல் பிழை கண்டவர் இல்லை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வீட்டில் மேசையை நகர்த்தினாலும் சுவரிலிருந்து அளந்துதான் போடுவார். "என்னையும் அளந்து பார்த்துத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்பதுண்டு.

2020-ஆம் ஆண்டு மலைக்குடிகளின் தலைவி, தங்கள் வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். மலைக்காட்டின் குறுக்கே எரிவாயுக் குழாய் ஒன்று புதைக்கப்பட இருந்தது. அதன் தடம், அவர்கள் தலைமுறை தலைமுறையாக இறந்தோரை அடக்கம் செய்துவரும் சரிவைப் பிளந்து சென்றது. தடை கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார்கள். குழாய் நிறுவனமோ 1979-இல் வரையப்பட்ட அரசு வரைபடத்தை எடுத்து நீட்டியது. அதில் அந்தச் சரிவு 'வெற்றுத் தரிசு'. வரைந்தவர் அரையங்குலம்.

"அங்க கல்லறை எதுவும் இல்லையேம்மா. நானே நடந்து அளந்த இடம்."

"கல்லு நடுற வழக்கம் எங்களுக்குக் கிடையாதுண்ணே. கை நீட்டிக் காட்டவும் மாட்டோம். காட்டினா, தூங்குறவங்களைத் தட்டி எழுப்பின மாதிரி."

"நான் கேட்டப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"எங்கப்பாதான் உங்களுக்கு வழிகாட்டியா முன்னால நடந்தாரு. நேராவா போனாரு? யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். வழிகாட்டி ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்பியதும், அளவுச் சங்கிலியும் பின்னால் வளைந்ததும், அரைநாள் வீணானதென்று தாம் எரிந்து விழுந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அலுவலகத்தில் படம் வரைந்தபோது அந்த வளைவை நேராக்கியதும் அவர்தான். கண்ணுக்குத் தெரியாததைப் படத்தில் காட்டக் கூடாது என்பது அலுவலக விதி. விதிப்படி வரைந்த பிழை.

வந்தவர்கள் போனபின் மனைவி கேட்டார்: "ஊரெல்லாம் அரையங்குலம்னு பேரு. இந்த வயசுல கோர்ட்டுல ஏறி, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லப் போறீங்களா?"

"சொல்லலைன்னா அந்தச் சரிவைத் தோண்டிடுவாங்க."

"அப்ப சொல்லுங்க. ஆனா மென்னு முழுங்காம சொல்லுங்க."

களக் குறிப்பேடு கிடைத்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. பழைய அலுவலகத்தின் பதிவறைக்கு மூன்று வாரம் நடையாய் நடந்து, கட்டுக் கட்டாகப் பிரித்து, அதைக் கண்டெடுத்தார். படத்தில் நேராக்கிய கோடு குறிப்பேட்டில் நேராக்கப்படாமல் அப்படியே இருந்தது: போகும்போது மேற்கே நான்கு திருப்பம், வரும்போது கிழக்கே மூன்று.

மறு ஆண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். வரைபடம் பிழை என்றும், பிழை தம்முடையது என்றும் முதல் வாக்கியத்திலேயே சொன்னார். நிறுவனத்தின் வழக்கறிஞர் சிரித்தார்.

"அப்ப நீங்க வரைஞ்ச மத்த படமெல்லாம்?"

"சந்தேகம் இருந்தா சொல்லுங்க. அங்கேயும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"அது கிடக்கட்டும். கல்லறை எங்க இருக்கு? இந்தப் படத்துல விரலை வெச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

பின்வரிசையில் அமர்ந்திருந்த மலைக்குடிகள் அனைவரும் தலை குனிந்தார்கள். அவர் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கல்லறை எங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு நாங்க எங்க கால் வைக்கலைங்கிறது மட்டும் தெரியும்."

குறிப்பேட்டை எழுத்தர் விரித்துப் பிடிக்க, ஏழு திருப்பங்களின் திசையையும் தூரத்தையும் அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நீதிபதி தம்மிடமிருந்த பிரதியில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது கோடு, முதல் கோடு தொடங்கிய புள்ளியில் போய் மூடியது. குழாயின் தடம் அந்த வளையத்தின் நட்டநடுவே கிடந்தது.

அந்த எல்லைக்குள் மண்வெட்டி படக் கூடாது என இடைக்காலத் தடை வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. எல்லையை நேரில் அளந்து குறிக்க நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது. எழுபத்துநான்கு வயதில், மூச்சு வாங்க, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, அரையங்குலமும் உடன் நடந்தார். தலைவி முன்னே சென்றார். ஆணையர் குறுக்கே போகக் கால் எடுத்தபோது, "சுத்தித்தான் போகணுங்க" என்று தடுத்தவர் அரையங்குலம். திருப்பத்துக்கு ஒன்றாக எல்லை முளைகள் அடித்தார்கள். ஏழாவது முளையை அவரே அடித்து முடித்த நாள் 2022 மார்ச் 11.