பதினோரு எட்டு

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடலாம் என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் பிறந்த ஊருக்குப் பக்கம், பஸ் வசதியும் உண்டு. நான்தான் முடியவே முடியாது என்றேன். எனக்குச் சமவெளியில் எந்த நிலத்தைப் பார்த்தாலும், இதற்கடியில் கரி இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். நான் பிறந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்த வேலையில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கரியை மூடிக் கிடக்கும் மேல்மண்ணை வாரி எடுக்கும் ராட்சத மெஷினில் வேலை. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு தடவை ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, எப்போது நோட்டீஸ் வருமோ என்று உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் சேலத்தைத் தாண்டி ஒரு மலைமேல், வெறும் பாறையும் முள்ளுமாகக் கிடந்த சரிவை வாங்கினேன். பாறைக்கு அடியில் எவனும் கரி தேடி வரமாட்டான் என்று ஷிப்ட் பஸ்ஸில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் அங்கே வீடு எழும்பிவிட வேண்டும் என்பது கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பாழாகிவிட்டது, போன பார்வை போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறேழு மாதத்தில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. நான் உடைந்துபோனேன். அவள் உடையவில்லை. குவார்ட்டர்ஸுக்குள் ஒன்றுமே நடக்காததுபோல நடமாடினாள். வாசல் கதவிலிருந்து சமையலறைக்குப் பதினோரு எட்டு. சுவரைத் தொடாமல் போவாள், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைப்பாள், திரும்பி வந்து எனக்கு டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பாள்.

ஒருநாள் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்த வூட்டுக்கு வேணா கூட்டிக்கினு போங்க. ஆனா வூட்டுக்குள்ள என்னைக் கையப் புடிச்சிக்கினு நடக்க வெச்சிடாதீங்க."

சரி என்றேன். அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. மலையிலும் இதே வீட்டைக் கட்டுவது. இஷ்டப்படி வரைந்துகொள்ளலாம், பெரிய கண்ணாடி ஜன்னல், சரிவுக்கு ஏற்ற மாதிரி இரண்டு மட்டத்தில் ஹால் என்றெல்லாம் இன்ஜினியர் ஆசை காட்டினார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து ஒரு நோட்டில் குறித்தேன். ஸ்விட்ச் தரையிலிருந்து எத்தனை உயரம், குழாய் எந்த மூலையில், வாசப்படி எவ்வளவு கனம், பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தும் பார்த்தேன். நாலைந்து தடவை முட்டிக்கொண்ட பிறகு எனக்கும் வழி பிடிபட்டது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மலையில் சமதரை வேண்டும் என்று கேட்பது எவ்வளவு பெரிய பேராசை என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசி வளைவுக்கு மேல் லாரி ஏறாது. மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் மூட்டை மூட்டையாகத் தலைச்சுமையில்தான் போக வேண்டும். வெடி வைக்கக் கூடாது என்பதால், பாறையில் வரிசையாக ஓட்டை போட்டு, பிளக்கும் மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு ஷிப்டில் ஒரு குன்றையே வாரிப்போட்ட மெஷினில் இருந்தவன், ஒரு பாறை விரிசல் விடுவதற்காக இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பள்ளத்துப் பக்கம் மண்ணைக் கொட்டி நிரப்பித் தாங்குசுவர் எழுப்பினோம். கொட்டிய மண் எப்படி உட்காரும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க வேலையை நிறுத்திவைத்தேன். மேஸ்திரி அலுத்துக்கொண்டார். நான் அசையவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பாறை என்னை ஜெயித்தது. குவார்ட்டர்ஸ் கிழக்குப் பார்த்த வீடு. இங்கே கிழக்கில் பாறைதான் சுவர்மாதிரி நின்றது, பாதை மேற்கில் இருந்தது. வீட்டை அப்படியே திருப்பித்தான் வைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. அளவு ஒன்றும் மாறாதே, வலது கைப்பக்கம் இருப்பது வலது கைப்பக்கமே இருக்கப்போகிறது, திசையில் என்ன இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

ரிட்டயர் ஆன கையோடு குடிபோனோம். முதல் நாள் சாயங்காலம் அவள் கையை நிலைப்படியில் வைத்துவிட்டு நான் விலகி நின்றேன். விரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம படியேதாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு பாறையைக்கூடப் பிளந்திருப்பேன்.

மறுநாள் காலையில் சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கே கேட்டிருக்கிறது என்றால் பெரிய சத்தம்தான். சமையல் மேடையில் இடுப்பை மோதிக்கொண்டு, விழுந்த பாத்திரங்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். வாசலுக்குப் போகத்தான் கிளம்பினாளாம். குவார்ட்டர்ஸில் காலை வெளிச்சம் வாசல் பக்கத்திலிருந்து வரும். இங்கே அது பாறையைத் தாண்டி, வெகுநேரம் கழித்து, சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. அவள் வெளிச்சத்தை நம்பி நடந்திருக்கிறாள்.

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். அப்படியும் சரிவரவில்லை. எட்டு எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நான் எப்போதும் எட்டு எண்ணி நடந்ததில்லையே என்றாள். அப்போதுதான் அவள் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. குவார்ட்டர்ஸில் சமையலறைக்குப் பின்னால், தூரத்தில், அனல்மின் நிலையத்தின் இரைச்சல் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்குமாம். வாசல் பக்கம் ஷிப்ட் பஸ்ஸும் சைக்கிள் மணியும். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதை வைத்துத்தான் அவள் நடந்திருக்கிறாள். இந்த மலையில் நாலு பக்கமும் ஒரே அமைதி. இந்த அமைதிக்காகவே நான் ஊர் முழுக்கப் பெருமையடித்திருந்தேன்.

எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். மெஷின் இரைச்சலில் என் காது பாதிக்குமேல் போய் வருஷக்கணக்காகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தேனே தவிர, அவள் காது எனக்கு இல்லை. என் குறையை வைத்து அவள் வீட்டை அளந்திருக்கிறேன். இவ்வளவு வெட்கப்பட்டதில்லை நான்.

ஹால் நடுவில் நின்றவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். சமையலறைக்கு அழைத்துப் போனேன். பதினோரு எட்டுதான், அளவு துளிகூடப் பிசகவில்லை.

நாலு மாதம் அங்கே இருந்தோம். நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தோம். டவுன்ஷிப்புக்குள் எங்களுக்கு இனி இடம் இல்லை. அதை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. கரித்தூள் படியும் வீடு. ஹால் கோணல், சமையலறை சந்து மாதிரி, நடுவில் தேவையில்லாத ஒரு படி. பழைய வீட்டின் அளவு ஒன்றுகூட இல்லை. நான் டேப்பை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் தனியாக எழுந்து, அந்தப் படியைத் தாண்டி, பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். பின்னாலேயே போய் எப்படி வந்தாய் என்று கேட்டேன்.

"அதோ கேக்குதே" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷம் அந்த அனல்மின் நிலைய இரைச்சலின் பக்கத்திலேயே வாழ்ந்தவன், எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்து, என்னை மெதுவாகத் திருப்பி நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் இல்லீங்க. இப்படி."