தோணிக்கு வைத்திருந்த குங்கிலியம்

படுவான்கரை ஆச்சிப்பிள்ளை தன் வாழ்நாளில் சப்பாத்துப் போட்டதில்லை. ஆனால் அவள் தைத்த சப்பாத்தைப் பார்த்து மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியின் வெள்ளைக்காரத் துரையே அசந்து போனார். நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

அது முப்பத்துநாலாம் ஆண்டு. கிளாக்கர் வேலைக்குத் துரையை வந்து பார்க்கும்படி அவள் புருஷன் நல்லரத்தினத்துக்குக் கடிதம் வந்தது. வெறுங்காலோடு போனால் வேலை கிடைக்காது என்று ஊரில் பேச்சு. யாரோ ஒரு புறக்கிராசி வக்கீல் கழித்துவிட்ட சோடி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் வலதுகால் அடித்தோல் பிளந்து, பசித்த முதலைபோல வாய் திறந்து கிடந்தது.

ஆச்சிப்பிள்ளைக்குத் தெரிந்தது வலை பொத்துவதும் தோணியில் ஓட்டை அடைப்பதும்தான். அதையே செய்தாள். வண்டில் மாட்டின் பழைய தோல்வாரில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்தாள். கோணூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தேய்த்த வலைநூலை இரண்டு பக்கமிருந்தும் ஒரே துளைக்குள் ஓட்டி இழுத்தாள். தையலுக்குத் தையல் வலைமுடிச்சு; ஒன்று அறுந்தாலும் மற்றது விடாது. பொருத்துகளில் தென்னந்தும்பைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி ஊற்றினாள்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம்.

"என்ன கா, சப்பாத்துத் தைக்கிறியா, தோணி கட்டுறியா?"

"ரெண்டும் ஒரே வேலதான். தண்ணிய உள்ளுக்கு விடப்படா."

துரையைப் பார்க்க வேண்டிய வியாழன் விடியலில், வாவிக்கு அக்கரையிலிருந்த கச்சேரிக்குப் புருஷனை ஏற்றிக்கொண்டு அவளே தோணி வலித்தாள். நடு வாவியில் நல்லரத்தினத்தின் கணுக்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது.

"தோணிக்குக் குங்கிலியம் பூசல்லியா கா?"

"பூசத்தான் வச்சிருந்தன். சப்பாத்துக்கே சரியாப் போச்சு."

"தண்ணி இறைக்கிற தகரப்பேணி எங்க?"

"அடுப்படியில. அதுலதான் உருக்கின."

மடியிலிருந்த சப்பாத்தை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இது நனைஞ்சா வேலை போச்சு."

"தோணி தண்ணிக்குள்ள தாண்டு போனா நீங்களே இல்ல. இறையுங்க."

வலதுகால் சப்பாத்தால் இறைத்தார். முந்நூறு தடவை இறைத்தார். அவள் சொல்லும் கணக்கு ஆயிரம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். அடியால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கச்சேரியில் அவர் நடந்தபோது உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் சளக் சளக்கென்றது. துரை காரணம் கேட்டார். நல்லரத்தினம் சப்பாத்தால் தோணி இறைத்ததை ஒளிக்காமல் சொன்னார். துரை சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மேசைமேல் கடதாசிக் கட்டொன்றின் மீது வைத்து, கூஜாத் தண்ணீரை விளிம்புவரை ஊற்றினார். இரண்டு கடிதம் வாசித்துக் கையெழுத்திட்டார். பிறகு சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தார். கடதாசி காய்ந்தபடி இருந்தது. வாசலில் கிளாக்கர்மார் கூடிவிட்டார்கள். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகத் தடவினார், கோயிற் சிற்பத்தைத் தடவுவதுபோல.

"யார் தைத்தது?"

"என்ர பெண்சாதி, சேர்."

"திங்கட்கிழமை வேலைக்கு வா."

துறையில் தோணி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஆச்சிப்பிள்ளை அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சிட்டு," என்றார் நல்லரத்தினம். கையில் இன்னொரு சோடிச் சப்பாத்து இருந்தது. "துரையின்ர வேட்டைச் சப்பாத்து. உன்னட்டக் குடுக்கச் சொன்னார்."

அவள் அதைப் புரட்டிப் பார்த்து, பிளந்த இடத்தில் விரலை விட்டு அளந்தாள். பிறகு தோணியைப் பார்த்தாள்.

"துரையிட்டத் திரும்பிப் போய் ரெண்டு சிரட்டைக் குங்கிலியம் கேட்டு வாங்க. முதல்ல தோணி, மறுகா துரை."